பக்கத்து ஃபுல் பேக் சரியில்லை என்றால் என்ன செய்வது?

பெங்களூரு ஆஸ்டின் டவுனிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் தெரியும் விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறோம். வயது 31. சொந்த ஊர் கோவில்பட்டி. பள்ளி நாட்களில் மாவட்ட அணி வரை ஹாக்கி ஆடியவர். வேலைக்காகப் பெங்களூரு வந்து இரண்டு வருடமாகிறது. சாந்திநகர் டர்ஃபில் ஞாயிறுதோறும் ஆடும் ஒரு நண்பர்கள் அணியில் ரைட் பேக், அதாவது கோலுக்கு முன்னால் வலப் பக்கத்தைக் காக்கும் ஃபுல் பேக். லெஃப்ட் பேக்காக ஆடுபவர் 46 வயதுக்காரர், பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஹாக்கி ஸ்டிக்கைத் தொட்டே மூன்று வருடம்தான் ஆகிறது. ஆனால் மைதானத்தை புக் செய்வது, பணம் வசூலிப்பது, தண்ணீர் கேன் கொண்டுவருவது எல்லாம் அவர்தான்.

"அண்ணன் நல்ல மனுஷர். ஆனால் எல்லா கோலும் அவர் பக்கம்தான் விழுகிறது. நாங்கள் பத்து பேரோடு ஆடுகிறோம் என்றுதான் சொல்ல வேண்டும்" என்று எழுதுகிறார். போன மாதம் ஒரு நாக்-அவுட் ஆட்டத்தில் 3-1 என்று தோற்றிருக்கிறார்கள். முதல் கோலில் அண்ணன் பந்தைப் பறிக்க டாக்கிளுக்குப் பாய்ந்து ஏமாந்தார். நம் வாசகர் குறுக்கே ஓடியும் முடியவில்லை. இரண்டாவதில், இவர் தட்டிவிட்ட பந்து அண்ணன் ஸ்டிக்கில் பட்டுத் துள்ளி எதிரணிக்குப் போனது. மூன்றாவது, பெனால்டி கார்னர், அதாவது ஃபவுலுக்குத் தண்டனையாக எதிரணி கோல் பக்க ஓரக் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டு கோலுக்கு அடிக்கும் வாய்ப்பு. போஸ்ட்டில் நின்ற அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கார்னரே, அண்ணனைத் தாண்டிப் போன ஆளை 23 மீட்டர் கோட்டுக்குள் இவர் பின்னாலிருந்து இழுத்து அடித்ததால் வந்தது. கூடவே மஞ்சள் அட்டை. ஆத்திரத்தில் எல்லார் முன்னாலும் "யோவ், வீட்டுக்குப் போய்யா" என்று கத்திவிட்டார். அதன் பிறகு அண்ணன் பேசுவதில்லை. "நான் ஸ்வீப்பராக, எல்லாருக்கும் கடைசி ஆளாக, பின்னால் போய்விடட்டுமா? அவரை எடுக்கச் சொல்லி கேப்டனிடம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா?" என்பவை அவருடைய கேள்விகள்.

டிஃபென்ஸ் பயிற்சியாளரின் பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. என்ன கேட்பது என்பதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் நீங்கள் எழுதிய மூன்று கோல்களையும் இன்னொரு முறை பார்ப்போம். நடந்ததை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இதைச் சொல்ல முடிகிறது: மூன்றிலும் உங்கள் பங்கு இருக்கிறது, இரண்டில் உங்கள் பங்குதான் பெரிது.

அந்த மூன்று கோல்கள்

முதல் கோல். எதிரணி ரைட் விங் ஆள் அண்ணனைத் தாண்டி பேக்லைன் (கோல் நிற்கும் ஓரக் கோடு) ஓரமாக இறங்கினார். நீங்கள் உங்கள் ஆளை விட்டுவிட்டுக் குறுக்கே ஓடினீர்கள். அவர் பந்தைக் கோலுக்கு நேர் எதிரே உள்ள பெனால்டி ஸ்பாட் பக்கம் தள்ளினார். அங்கே தனியாக நின்றவர் அடித்தார். அந்தத் தனி ஆள் யார்? நீங்கள் விட்டு வந்தவர். பேக்லைனை ஒட்டி இறங்குபவருக்கு கோல் தெரிகிற கோணம் மிகவும் குறுகல். கோல் அகலமே 3.66 மீட்டர்; முதல் போஸ்ட்டைக் கீப்பர் மூடிவிட்டால் அவருக்கு அடிக்க இடமில்லை. அவரால் செய்யக்கூடிய ஆபத்து ஒன்றுதான், பந்தைப் பின்னால் தள்ளுவது. அந்தத் தள்ளல் வந்து சேரும் இடத்தில்தான் நீங்கள் நின்றிருக்க வேண்டும்: கீப்பருக்கும் பெனால்டி ஸ்பாட்டுக்கும் நடுவில், ஸ்டிக்கைத் தரையில் வைத்து. பந்துக்காரரைத் துரத்துவது, உங்களுக்கு முன்னால் நடுவில் ஆடும் சென்டர் ஹாஃபுக்கும், எழுந்து திரும்பி வரும் அண்ணனுக்கும் உள்ள வேலை.

திறமையான டிஃபெண்டர்கள் அடிக்கடி செய்யும் தப்பு இது. நான் இரண்டு மடங்கு நன்றாக ஆடுகிறேன், ஆகவே இரண்டு பேர் இடத்தையும் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைப்பார்கள். எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஓட்டை அடைபடாது, இடம்தான் மாறும். அண்ணன் பக்கம் இருந்த ஓட்டை நீங்கள் கிளம்பிய இடத்துக்கு வந்துவிடும். அது கோலுக்கு நேர் எதிரே இருக்கும் இடம்.

இரண்டாவது கோல். 16 யார்ட் ஹிட்டை (எதிரணி பந்தை பேக்லைனுக்கு வெளியே அடித்துவிட்டால் நமக்குக் கிடைக்கும் அடி) டி-யின், அதாவது கோலைச் சுற்றிய அரைவட்டத்தின், தலைப்பிலிருந்து குறுக்காக அண்ணனுக்குத் தட்டியிருக்கிறீர்கள். எதிரணி ஃபார்வர்டு ஐந்து மீட்டரில் காத்திருக்கும்போது, சொந்த டி-க்கு முன்னால், ஸ்டாப்பிங் உறுதியில்லாத ஒருவருக்குக் குறுக்குப் பாஸ். அதை யார் வாங்கியிருந்தாலும் சிக்கல்தான். பந்தின் வேகம், கோணம், நேரம் எல்லாவற்றையும் முடிவு செய்தது நீங்கள்.

மூன்றாவது கோலுக்குத் தனியாக வருகிறேன். அதற்குமுன் ஒரு விதி. "டி-க்கு வெளியேதானே, ஃப்ரீ ஹிட்தான் கொடுப்பார்கள் என்று நினைத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். 23 மீட்டர் பகுதிக்குள் டிஃபெண்டர் வேண்டுமென்றே செய்யும் ஃபவுலுக்கு, அது டி-க்கு வெளியே நடந்தாலும், பெனால்டி கார்னர் உண்டு. மஞ்சள் அட்டைக்குக் குறைந்தது ஐந்து நிமிடம் வெளியே. அண்ணனை ஐந்து நிமிடம் தனியே விட்டுவிட்டு நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். ஆள் தாண்டிவிட்டால் பின்னாலிருந்து ஸ்டிக்கை வீசாதீர்கள். கோலுக்கும் அவருக்கும் நடுவில் வரும் வழியாக ஓடுங்கள், அவ்வளவுதான்.

"பத்து பேரோடு ஆடுகிறோம்" என்ற வரியையும் விட மனமில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் கால் இறுதியில் பிரிட்டனுக்கு எதிராக அமித் ரோஹிதாஸ் 17ஆவது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். இந்தியா மீதி நேரம் முழுக்க, நாற்பது நிமிடத்துக்கு மேல், நிஜமாகவே பத்து பேரோடு ஆடியது. 1-1 என்று நிறுத்தி, ஷூட்-அவுட்டில் 4-2 என்று ஜெயித்தது. பத்து பேர் பதினொரு பேரின் இடத்தைப் பிடிக்க ஓடியிருந்தால் அது நடந்திருக்காது. ஓரங்களை விட்டுக்கொடுத்து, டி-யைச் சுற்றி நெருக்கமாக நின்றார்கள். உங்கள் அணிக்கும் வேண்டியது அந்த நெருக்கம்தான். உங்களிடம் பதினோராவது ஆளும் இருக்கிறார்.

முதல் வேலை: பக்கம் மாறுங்கள்

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு கேள்வி: பழகாத ஒருவரை லெஃப்ட் பேக்கில் யார் நிறுத்தியது? ஹாக்கியில் இடது கை ஸ்டிக் கிடையாது. எல்லாரும் வலது பக்கம்தான் முன்பக்க ஸ்டிக். இடது பக்கம் வரும் பந்துக்கு ஸ்டிக்கைத் திருப்பி ஆட வேண்டும், அதுதான் ரிவர்ஸ். இதனால் இரண்டு ஃபுல் பேக் இடங்களும் ஒரே மாதிரி தெரிந்தாலும் வேலை ஒன்றல்ல.

லெஃப்ட் பேக், ஆளை வெளியே கோட்டுப் பக்கம் ஒதுக்க வேண்டுமென்றால் டாக்கிள் அவருடைய ரிவர்ஸ் பக்கம் விழும். கால் வேகமும் மணிக்கட்டுப் பழக்கமும் இருந்தால்தான் அது வரும். இல்லாதவர் பதறிப் பாய்வார். அண்ணன் பாய்ந்தது அதனால்தான். ரைட் பேக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆளை வெளியே ஒதுக்கினால் அவர் நேராக முன்பக்க ஸ்டிக்குக்கு வருகிறார். பந்து வாங்குவதிலும் அப்படித்தான். இடப் பக்கத்திலிருந்து வரும் பந்து உடம்பின் குறுக்கே வந்து வலது கால் அருகே, அடிக்கத் தோதாக நிற்கும். வலப் பக்கத்திலிருந்து வருவதை வாங்கித் திருப்புவது கடினம். ரைட் பேக்கிலிருந்து இடப் பக்கம் அடிப்பதும் கைக்கு இயல்பாக வரும். லெஃப்ட் பேக்கிலிருந்து வலப் பக்கம் அடிக்கக் காலைத் திருப்பி நிற்க வேண்டும்.

ஆகவே நீங்கள் இடப் பக்கம் போங்கள், அண்ணனை வலப் பக்கம் நிறுத்துங்கள். கடினமான பக்கத்தைத் திறமையுள்ளவர் எடுத்துக்கொள்வதுதான் நியாயம். உங்களுக்கு இரண்டு மூன்று வாரம் அசௌகரியமாக இருக்கும். கோவில்பட்டிப் பள்ளி மைதானத்தில் ரிவர்ஸ் பழகிய கை என்றால் சீக்கிரம் திரும்பி வந்துவிடும்.

அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இடது கால் முன்னே. எதிராளியை நேருக்கு நேர் மறிக்காமல் அரை ஆள் அளவு உள்பக்கம் தள்ளி நிற்க வேண்டும், வெளியே போகிற வழி மட்டும் அவருக்குத் தெரியும்படி. இரண்டு ஸ்டிக் நீளம் இடைவெளி விட்டு, சின்னச் சின்ன அடியாகக் கூடவே பின்வாங்க வேண்டும். இடது கையை மட்டும் நீட்டி ஒரு ஜாப் (ஸ்டிக்கால் சட்டென்று ஒரு குத்து) போட்டு உடனே இழுத்துக்கொள்ளலாம். பந்தைப் பறிக்க அல்ல, எதிராளியின் கண்ணைக் கீழே இறக்க. பந்து அவர் ஸ்டிக்கை விட்டு ஒரு சாண் விலகும் கணத்தில் குனிந்து, வலது முட்டி தரையைத் தொடும் அளவுக்கு ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைக்க வேண்டும். மூன்றடி நீள ஸ்டிக் படுத்துக் கிடந்தால் தாண்டிப் போவது எளிதில்லை. அந்தக் கணம் வரவே இல்லையா? பாதகமில்லை. ஐந்து விநாடி தாமதப்படுத்தினால் இரண்டு ஹாஃப்கள் திரும்பி வந்துவிடுவார்கள். வேகமில்லாத டிஃபெண்டரின் சம்பாத்தியமே அந்த ஐந்து விநாடிதான்.

ஸ்வீப்பர் யோசனை

நிரந்தரமாகப் பின்னால் போய் நிற்பது வேண்டாம். டிஃபெண்டர்களைத் தாண்டி கோலருகே முன்கூட்டியே போய் நிற்கக் கூடாது என்ற ஆஃப்சைடு விதியை ஹாக்கியில் எடுத்துப் பல வருடமாகிவிட்டது. எதிரணி ஃபார்வர்டு உங்கள் பக்கத்திலேயே வந்து நின்றுகொள்வார், நீங்கள் அவரோடு கட்டப்பட்டுவிடுவீர்கள். முன்னால் வரும் ஒவ்வொரு ஆளையும் முதலில் சந்திப்பவர் அண்ணனாகிவிடுவார். அதாவது அவருக்கு எது வராதோ அதையே அதிகம் செய்ய வைப்பீர்கள்.

அதற்குப் பதில் சாய்கோட்டில் நில்லுங்கள். பந்து அண்ணன் பக்கம் என்றால் அவர் முன்னே, நீங்கள் ஆறேழு தப்படி பின்னே, உள்பக்கம். பந்து உங்கள் பக்கம் வந்தால் அப்படியே மாறும். இரண்டு தப்படிக்குள் நெருங்கி நின்றால் ஒரே இழுப்பில் இருவரையும் தாண்டிவிடுவார்கள். பதினைந்து தப்படி தள்ளி நின்றால், அண்ணனைத் தாண்டியவர் தலையைத் தூக்கிப் பார்த்து நிதானமாக அடுத்த வேலையைச் செய்வார்.

எதிர்பாராமல் மூன்று பேர் இறங்கி நீங்கள் இரண்டே பேர் நிற்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு தனி விதி: பந்திடம் நீங்கள், கோலிடம் அண்ணன். நீங்கள் பந்துக்காரரைத் தாமதப்படுத்துங்கள். அவர் கோலுக்கு எதிரே நடுவில், தன் பக்கத்தில் நிற்கும் ஆளைத் தொடுகிற தூரத்தில், ஸ்டிக் தரையில் இருக்க நிற்கட்டும். என்ன முடிவெடுப்பது என்று யோசிக்கும் சுமை அவருக்கு இல்லை.

எதிரணியில் யார் வேகமான ஃபார்வர்டு என்று முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர் எந்தப் பக்கம் போனாலும் நீங்கள் துரத்த வேண்டாம். கோலின் நடுவிலிருந்து நேரே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைத் தாண்டினால் சொல்லிவிட்டு ஒப்படைத்துவிடுங்கள்.

பாஸ்

அண்ணனுக்குக் கொடுக்கிற பந்து கோட்டுப் பக்கம், அவருக்குச் சற்று முன்னால், தரையோடு போக வேண்டும். டி-க்கு முன்னால் குறுக்கே எக்காரணம் கொண்டும் வேண்டாம். அவர் வாங்கும்போது ஸ்டிக்கின் கைப்பிடி முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், வலது கை தளர்வாக இருக்க வேண்டும். கைப்பிடி பின்னால் சாய்ந்தால் பந்து ஸ்டிக்கில் ஏறித் துள்ளும். உங்கள் இரண்டாவது கோலில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும். தண்ணீர் தெளித்த டர்ஃபில் பந்து நினைப்பதைவிட வேகமாக வழுக்கி வரும். காய்ந்த இடத்தில் குதிக்கும். ஆட்டத்துக்கு முன் கோட்டுக்கு வெளியே இருபது நிமிடம் போதும்: பத்து மீட்டரில் நின்று முப்பது பந்து அடிக்க, முப்பது பந்து நிறுத்த. பிறகு பத்து மீட்டர் அகலத்தில் ஒரு ஆளை ஓடிவரச் சொல்லி, டாக்கிளே செய்யாமல் கோட்டுப் பக்கம் ஒதுக்க மட்டும் பழகட்டும்.

பெனால்டி கார்னரில் அவர் வேண்டாம்

இதில் மட்டும் நான் சமரசத்துக்கு வரமாட்டேன். ஃபுல் பேக் என்றால் கார்னரில் நின்றே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் பேக்லைனுக்குப் பின்னால் நிற்பார்கள். மற்றவர்கள் சென்டர் லைனுக்கு அந்தப் பக்கம். அண்ணன் அந்த மற்றவர்களில் ஒருவராக இருக்கட்டும். கைப் பழக்கமுள்ள ஒரு ஹாஃப் போஸ்ட்டுக்கு வரட்டும்.

முதல் ஷாட் ஹிட்டாக இருந்தால் கோல் லைனைத் தாண்டும்போது 460 மில்லிமீட்டர் உயரத்துக்குள், அதாவது கோல் பலகை உயரத்துக்குள், இருக்க வேண்டும். ஓங்கி அடிக்காமல் ஸ்டிக்கால் தூக்கித் தள்ளும் ஃப்ளிக்குக்கு அந்த வரம்பு இல்லை. யாராவது ஒருவர் ஸ்டிக்கில் பட்டுத் திசை மாறினால் ஹிட்டும் முகத்துக்கு வரும். முகக் கவசம் இல்லாமல், பந்தை ஸ்டிக்கில் வாங்கும் பழக்கம் இல்லாமல் போஸ்ட்டில் நிற்க வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பினார் என்று அவரைக் குறை சொல்கிறீர்கள். அவர் செய்தது சரி. நிற்க மாட்டேன் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. போஸ்ட்டிலும் முதலில் ஓடுகிற இடத்திலும் யார் நின்றாலும் முகக் கவசம், பல் கவசம், இடது கை கிளவ்ஸ், அடிவயிற்றுக் காப்பு, முட்டிக் காப்பு கட்டாயம். நான்கு செட் முகக் கவசத்தை அணிப் பணத்தில் வாங்கி கோல் பின்னாலேயே வைத்துவிடுங்கள். கார்னர் கொடுத்த பிறகு பெஞ்சுக்கு ஓட நேரம் இருக்காது.

கத்துவது பற்றி

ஆட்டத்தில் பேச்சு வேண்டும். ஆனால் உங்கள் பேச்சு ஆளைப் பற்றியதாக இருக்கிறது, பந்தைப் பற்றியதாக இல்லை. நான்கைந்து சொல்லை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: "நில்லு" என்றால் பாயாதே, "வெளிய" என்றால் கோட்டுப் பக்கம் ஒதுக்கு, "என்னது" என்றால் பந்துக்கு நான் போகிறேன், "மாத்து" என்றால் ஆளை உன்னிடம் விடுகிறேன். இடம், வலம் என்று சொல்லாதீர்கள். யாருடைய இடம் என்று யோசிப்பதற்குள் பந்து போய்விடும்.

இதில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "கீப்பர் பிடி, பிடி என்று தொண்டை கிழியக் கத்துகிறார், இவர் ஸ்டிக்கைத் தூக்கிப் பந்தை விட்டுவிடுகிறார். நல்லவேளை அது வெளியே போனது" என்று கேலியாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கீப்பர் கன்னடக்காரர் என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. கன்னடத்தில் "பிடு" என்றால் விடு என்று அர்த்தம். பெரும்பாலும் அவர் கத்தியது அதுவாகத்தான் இருக்கும். பெங்களூரில் வளர்ந்த அண்ணனுக்கு அது புரிந்தது. கேட்டபடி விட்டார், பந்து வெளியே போனது. உங்கள் காதுக்கு அது "பிடி" என்று விழுந்திருக்கிறது. கீப்பரிடம் கேட்டுப் பாருங்கள். இனி அந்தச் சொல்லை மூவரும் கைவிட்டு, "கீப்பர்" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்: அவர் அதைச் சொன்னால் நீங்கள் இருவரும் விலக வேண்டும்.

மன்னிப்பைப் பொறுத்தவரை, வாட்ஸ்அப்பில் வேண்டாம். எல்லார் முன்னாலும் கத்தினீர்கள், எல்லார் முன்னாலும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் தண்ணீர் கேனை இறக்கும்போது போய் ஒரு கை பிடித்துக்கொண்டு, "அண்ணே, அன்னைக்கு நான் பேசினது தப்பு. அந்த 16 யார்ட் பந்தையும் நான்தான் தப்பா கொடுத்தேன்" என்று சொல்லுங்கள். இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது உண்மையும்கூட. அவர் உடனே சிரித்துப் பேசாமல் போகலாம். 46 வயதில் புதிதாக ஒரு ஆட்டத்தைப் பழக வந்து, பதினைந்து வயது இளையவரிடம் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறார். கொஞ்ச நாள் ஆகட்டும். பக்கம் மாறுவதைப் பற்றி அன்றே பேச வேண்டாம். அடுத்த வாரம் பேசுங்கள், இல்லையென்றால் மன்னிப்பு அதற்கான முன்னுரை மாதிரி ஆகிவிடும்.

கேப்டனிடம்

எடுத்துவிடுங்கள் என்று கேட்காதீர்கள். பொறுப்பை மாற்றித் தரக் கேளுங்கள். மாற்று ஆட்டக்காரரை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம், ஏற்றலாம். பெனால்டி கார்னர் கொடுத்து அது முடியும்வரை மட்டும் கூடாது. 15 நிமிடக் குவார்ட்டர் நான்கில், அண்ணன் ஒவ்வொன்றிலும் ஏழெட்டு நிமிடம் ஆடினால் கால் தளராது. கால் தளர்ந்த பிறகுதான் எல்லாரும் பாய ஆரம்பிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நட்பு ஆட்டங்களில் அவருக்கு முழு இடம். நாக்-அவுட்டில் முதல் இரண்டு குவார்ட்டர், பிறகு நிலவரத்தைப் பார்த்து. இதை அண்ணனையும் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள், முதுகுக்குப் பின்னால் வேண்டாம்.

அடுத்த ஆறு ஆட்டங்களுக்கு ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். விழும் ஒவ்வொரு கோலுக்கும் நான்கு விஷயம் மட்டும் எழுதுங்கள்: பந்தை முதலில் இழந்தது யார், எங்கே, கோல் அடித்தவரை யார் பார்த்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள். ஆறு ஆட்டத்துக்குப் பிறகும் பக்கம் மாறி, சாய்கோட்டில் நின்று, பாஸ்களைத் திருத்தி, அப்படியும் அண்ணன் இடத்தில் கோல் விழுந்துகொண்டே இருந்தால் அவரை ரைட் ஹாஃபுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். அங்கே தவறு நடந்தாலும் பின்னால் நீங்கள் இருவர் இருப்பீர்கள். நோட்டைக் கேப்டனிடம் காட்டுவதற்கு முன் அண்ணனிடம் காட்டிவிடுங்கள்.